உங்களுக்குத் தெரியுமா? சூரியகாந்தி விதைக்குள் வைட்டமின் ஈ

சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 'வைட்டமின் ஈ' என்று எழுதியிருப்பது கண்ணில் படும். எல்லாச் சூரியகாந்தியிலும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்த வகை, எவ்வளவு என்பதை அந்தச் செடியின் மரபணுக்களே முடிவு செய்கின்றன. அதைக் கண்டுபிடித்த கதையும் அதன் பயனும் துளித் துளியாக இங்கே.

1. ஒரு பெயரில் எட்டுப் பொருள்கள்

வைட்டமின் ஈ என்பது தனியொரு பொருள் இல்லை. ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு டோகோபெரால்கள். அதே நான்கு அடைமொழிகளோடு நான்கு டோகோட்ரையினால்கள். ஆக மொத்தம் எட்டு. பாமாயிலில் டோகோட்ரையினால்கள் நிறைய உண்டு. சூரியகாந்தி விதையில் அவை இல்லை என்றே சொல்லிவிடலாம். அங்கே டோகோபெரால்களின் ஆட்சிதான்.

2. எலிகள் காட்டிக்கொடுத்த வைட்டமின்

1922-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் ஸ்காட் பிஷப்பும் எலிகளுக்குப் பன்றிக்கொழுப்பு கலந்த ஒரு குறிப்பிட்ட உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால், கருவுற்ற எலிகளால் குட்டி ஈன முடியவில்லை. கரு வயிற்றிலேயே அழிந்தது. லெட்யூஸ் கீரையைச் சேர்த்ததும் நிலைமை மாறியது. பிறகு கோதுமை முளைக்கருவின் எண்ணெயிலும் அதே பொருள் இருப்பது தெரிந்தது. 1936-ல் எவன்ஸ், ஆலிவர் எமர்சன், கிளாடிஸ் எமர்சன் ஆகிய மூவரும் கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இரண்டே ஆண்டில், 1938-ல், பால் காரர் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார்.

3. கல்லீரலுக்குப் பிடித்தது ஆல்பா

எட்டு வடிவங்களையும் நாம் சாப்பிடுகிறோம். குடலும் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. தேர்வு நடப்பது கல்லீரலில். அங்குள்ள ஒரு புரதம் ஆல்பா டோகோபெராலை மட்டும் பிடித்து மறுபடி ரத்தத்துக்கு அனுப்புகிறது; மற்றவை பெரும்பாலும் சிதைக்கப்பட்டு வெளியேறுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானவர்களுக்கு, உணவில் போதுமான அளவு இருந்தாலும் வைட்டமின் ஈ பற்றாக்குறை வரும். நடை தள்ளாடும், நரம்புகள் பாதிக்கப்படும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் 2000-ல் வகுத்த அளவும் ஆல்பாவை மட்டுமே கணக்கில் கொண்டது.

4. சூரியகாந்தியின் தனிச்சிறப்பு

சாதாரணச் சூரியகாந்தி விதையிலுள்ள டோகோபெராலில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆல்பாதான். கல்லீரல் எதைத் தேடுகிறதோ அதையே இந்த விதை சேர்த்து வைத்திருக்கிறது. 100 கிராம் பருப்பில் சுமார் 35 மில்லிகிராம் இருக்கும். வறுத்த பருப்பை ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் அளவு சாப்பிட்டால் 7.4 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

5. நல்லெண்ணெயில் எது?

நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் காமாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. கடலை எண்ணெயில் ஆல்பாவும் காமாவும் கலந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் டோகோபெரால் மிகக் குறைவு. ஆனால், அதிலுள்ள கொழுப்பு எளிதில் காறாத வகை என்பதால் அதற்குப் பெரிய பாதுகாப்பும் தேவைப்படுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் அப்படியில்லை. சாதாரண ரகங்களில் லினோலியிக் அமிலம் 48 முதல் 74 சதவீதம் வரை இருக்கும். அது காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும். அதனால்தான் அந்த விதைக்கு இவ்வளவு வைட்டமின் ஈ.

6. வித்தியாசம் எங்கே?

நான்கு டோகோபெரால்களுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. தலைப்பகுதியில் ஒரு வளையம், அதிலிருந்து நீளும் ஒரு வால். வளையத்தில் எத்தனை மெத்தில் தொகுதிகள், எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஆல்பாவுக்கு மூன்று. பீட்டாவுக்கும் காமாவுக்கும் இரண்டிரண்டு. ஆனால், ஒட்டிய இடங்கள் வேறு. டெல்டாவுக்கு ஒன்றே ஒன்று. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு துணுக்கு கூடுவதும் குறைவதும், உடல் ஏற்பதா தள்ளுவதா என்பதையே மாற்றிவிடுகிறது.

7. இரண்டு நொதிகள், நான்கு விடைகள்

நான்குக்கும் பொதுவான ஒரு மெத்தில் போக, மற்றவற்றை ஒட்டும் வேலையைச் செடிக்குள் இரண்டு நொதிகள் செய்கின்றன. முதல் நொதி, வளையம் முழுதாக மூடுவதற்கு முன்பே ஒரு மெத்திலைச் சேர்க்கும். இரண்டாம் நொதி கடைசிக் கட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்கும்.

இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால் ஆல்பா. முதலாவது தவறி இரண்டாவது மட்டும் செய்தால் பீட்டா. முதலாவது செய்து இரண்டாவது தவறினால் காமா. இரண்டுமே தவறினால் டெல்டா. நான்கு வகைகளும் எப்படி வருகின்றன என்ற கேள்விக்கு இதுதான் மொத்த விடை. உயிர்வேதியியலில் இவ்வளவு தெளிவாகக் கணக்குப் பொருந்தும் இடங்கள் அதிகம் இல்லை.

8. கிராஸ்நோதாரில் கிடைத்த விதைகள்

எல்லாச் சூரியகாந்தியிலும் ஆல்பாதான் இருக்கும் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ரஷ்யாவின் கிராஸ்நோதாரில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனத்தில் யாகோவ் தெமூரின் விதை வரிசைகளைச் சோதித்தபோது அந்த எண்ணம் மாறியது. எல்.ஜி.-15 என்ற வரிசையில் பாதி ஆல்பா, பாதி பீட்டா. எல்.ஜி.-17 என்ற வரிசையில் ஏறக்குறைய முழுதும் காமா. 1993-ல் இந்த முடிவுகள் அச்சில் வந்தன. பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லாத செடிகள். அதே மஞ்சள் பூ, அதே வரி போட்ட விதை. எண்ணெயைப் பிழிந்து பகுத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது வேறு என்று தெரியும்.

9. முதலாம் குரோமோசோமும் எட்டாம் குரோமோசோமும்

பீட்டாவைக் கூட்டும் மரபணுவுக்கு டி.பி.எச்.1 என்றும், காமாவைக் கூட்டுவதற்கு டி.பி.எச்.2 என்றும் பெயர். சூரியகாந்திக்கு 17 ஜோடி குரோமோசோம்கள். முதல் மரபணு 1-ஆம் குரோமோசோமிலும், அடுத்தது 8-ஆம் குரோமோசோமிலும் இருப்பது 2006 வாக்கில் உறுதியானது. இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றையொன்று சாராமல் பிள்ளைகளுக்குப் போகின்றன. அதனால், செடி வளர்ப்பாளர் விரும்பியபடி இரண்டையும் ஒரே செடியில் சேர்க்கவும் முடியும், பிரிக்கவும் முடியும்.

10. ஒரே பூவில் இரண்டு வகை விதை

இந்த மாற்றங்கள் ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் விளைவு தெரியும். காமா வரிசையைச் சாதாரண வரிசையோடு கலந்தால், முதல் தலைமுறை விதைகள் எல்லாமே ஆல்பா விதைகளாகத்தான் இருக்கும். காமா எங்கேயோ தொலைந்துவிட்டது போலத் தோன்றும்.

அந்த விதையை விதைத்துச் செடி பூத்து, அதன் மகரந்தமே அதன்மேல் படும்படி பூக்கொண்டைக்கு உறை கட்டி விடுகிறார்கள். அறுவடையில் ஒரே கொண்டையிலிருந்து விதைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால், நான்கில் மூன்று பங்கு ஆல்பா, ஒரு பங்கு காமா. பள்ளியில் மெண்டலின் பட்டாணி என்று படித்த அதே 3:1. விதைக்குள் எந்த டோகோபெரால் என்பதைத் தாய்ச்செடியின் மரபணு முடிவு செய்வதில்லை. அந்த விதையின் கருவில் உள்ள மரபணுவே முடிவு செய்கிறது. அதனால்தான் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு விதைகள் இரண்டு வகையாக இருக்க முடிகிறது.

11. பாதி விதை சோதனைக்கு, பாதி விதை மண்ணுக்கு

ஆயிரம் விதைகளில் நமக்கு வேண்டிய ஒன்றைத் தேட வேண்டும். சோதிக்க விதையை அரைத்தாக வேண்டும். அரைத்தால் விதை செத்துவிடும். அப்புறம் எதை விதைப்பது?

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கையாளும் வழி எளிமையானது. சூரியகாந்தி விதையின் கூர்மையான முனையில்தான் முளைவேரும் குருத்தும் இருக்கின்றன. அகன்ற மறுமுனையில் இருப்பது பருப்பு, அதாவது விதையிலைகளின் சதை மட்டுமே. தோலை நீக்கி, அகன்ற முனையில் ஒரு சிறு துண்டைப் பிளேடால் சீவி எடுப்பார்கள். அந்தத் துண்டை நசுக்கிக் கரைப்பானில் ஊறவைத்துக் கருவியில் செலுத்தினால், ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா ஒவ்வொன்றும் தனித்தனி முகடாகத் திரையில் விழும். முடிவு வரும்வரை மீதி விதை, எண் எழுதிய பெட்டியில் காத்திருக்கும். வேண்டிய விதை என்று தெரிந்ததும் அதை ஈரத்தாளில் முளைக்க வைத்துத் தொட்டிக்கு மாற்றுவார்கள். பருப்பில் ஒரு துண்டை இழந்த விதையும் முழுச் செடியாக வளர்ந்து பூக்கும்.

12. தாவி வந்து உட்கார்ந்த மரபணு

டி.பி.எச்.1 ஏன் பழுதானது? 2006-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் நேப்பின் குழு அதற்குக் காரணம் கண்டது. டி.என்.ஏ.வில் தன்னையே நகலெடுத்து வேறு இடங்களில் போய்ச் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு, ரெட்ரோடிரான்ஸ்போசான் என்பார்கள். அப்படி ஒன்று முதல் நொதிக்கான மரபணுவின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. மரபணுவின் வாசகம் அறுபட்டது, நொதி உருவாகவில்லை. விதையில் பீட்டா பெருகியது. யாரும் திட்டமிட்டுச் செய்த மாற்றம் இல்லை இது, இயற்கையிலேயே நடந்தது.

13. அந்தச் செடி ஏன் சாகவில்லை?

இதுதான் இந்த ஆய்விலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் நொதி டோகோபெராலுக்காக மட்டும் இல்லை. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான பிளாஸ்டோகுவினோன் என்ற பொருளைத் தயாரிக்கவும் அதே நொதிதான் வேண்டும். அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இந்த மரபணு முழுதும் பழுதானால் நாற்றுப் பருவத்திலேயே செடி இறந்துவிடும். சூரியகாந்தியோ நன்றாக வளர்கிறது.

காரணம், சூரியகாந்தியில் இந்த மரபணுவுக்கு இன்னொரு பிரதி இருக்கிறது. ஒன்று முடங்கினாலும் மற்றது வேலையைத் தாங்கிப் பிடிக்கிறது. எல்.ஜி.-15 வகையில் பீட்டா பாதியோடு நின்று, மீதி ஆல்பாவாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். முதல் பிரதி முடங்கிய செடிகளை ஆராய்ந்தபோதுதான், சில வரிசைகளில் இரண்டாம் பிரதியிலும் ஏற்கெனவே ஒரு மாற்றம் சத்தமில்லாமல் இருந்துவந்தது தெரிந்தது. முதலாவது நன்றாக இருக்கும்வரை இரண்டாவதின் குறை வெளியே தெரியவே இல்லை.

14. தாவும் துண்டுகளால் ஆன மரபணுத்தொகுதி

சூரியகாந்தியின் முழு மரபணுத்தொகுதி 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பிரான்சின் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று செய்த பணி அது. நீளம் சுமார் 360 கோடி எழுத்துகள். மனித மரபணுத்தொகுதியைவிடப் பெரியது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த ரெட்ரோடிரான்ஸ்போசான் வகைத் துண்டுகளே. இவ்வளவு துண்டுகள் இருக்கும் இடத்தில் ஒன்று வைட்டமின் மரபணுவுக்குள் விழுந்ததில் வியப்பில்லை.

15. ரசாயனம் தூண்டிய மாற்றம்

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் லியோனார்தோ வெலாஸ்கோ, பெர்னாந்தெஸ் மார்த்தினெஸ் குழுவினர் இயற்கை மாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. புகழ்பெற்ற ரஷ்ய ரகமான பெரெடோவிக்கின் விதைகளைத் திடீர் மாற்றத்தைத் தூண்டும் ரசாயனத்தில் ஊறவைத்து விதைத்தார்கள். அடுத்த தலைமுறை விதைகளைப் பாதி பாதியாகச் சீவிச் சோதித்ததில் காமா நிறைந்த விதைகள் கிடைத்தன. அவற்றிலிருந்து ஐ.ஏ.எஸ்.டி.-1, ஐ.ஏ.எஸ்.டி.-540 ஆகிய வரிசைகள் உருவாயின. இவற்றைப் பீட்டா வரிசையோடு கலந்து, டெல்டா கூடிய வரிசையையும் 2004-ல் அறிவித்தார்கள். ஏழாம் குறிப்பில் பார்த்த கணக்கு வயலில் நிரூபணமானது.

16. பெரெடோவிக் நமக்கும் உறவுதான்

இந்தியாவில் சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராக வேரூன்றியது 1969-க்குப் பிறகு. அந்த ஆண்டு சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த ரகங்களில் பெரெடோவிக்கும் ஒன்று; இங்கே அது இ.சி. 68414 என்ற எண்ணால் அறியப்பட்டது. ஆனால், இன்று நம் வீடுகளில் ஊற்றும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவதே.

17. வாணலிக்குக் காமா

உடலுக்கு ஆல்பா நல்லதென்றால் காமா வரிசைகளை எதற்காக மெனக்கெட்டு உருவாக்க வேண்டும்? விடை அடுப்பில் இருக்கிறது. வைட்டமின் ஈ எண்ணெய்க்கும் காவல். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடாமல் தடுக்கிறது. காயும் எண்ணெயில் ஆல்பா வேகமாகத் தீர்ந்துபோகிறது. காமா அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே, பொரிக்கும் எண்ணெய்க்குக் காமா மேல். உடலுக்கு ஆல்பா மேல். ஒரே வைட்டமினுக்குள் இரண்டு வேலைகளுக்கு இரண்டு ஆள்.

18. காமாவோடு ஒலியிக்

1976-ல் சோவியத் விஞ்ஞானி சோல்தாத்தோவ், விதைகளை ரசாயனத்தில் நனைத்து உண்டாக்கிய திடீர் மாற்றத்திலிருந்து 'பெர்வெனெத்ஸ்' என்ற ரகத்தை வெளியிட்டார். அதன் எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிக அதிகம். ஒலியிக் கூடினால் எண்ணெய் எளிதில் காறாது. உலகில் இன்று விற்கும் உயர் ஒலியிக் சூரியகாந்தி எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்த ரகமே. அந்த எண்ணெயில் ஆல்பாவுக்குப் பதில் காமாவையும் சேர்த்தால், பொரிக்கும் சூட்டில் இன்னும் கூடுதல் நேரம் தாங்குவதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர் பஜ்ஜிக் கடைகளுக்கு இது நேரடிச் செய்தி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார் கூட்டுப்பொருள்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது.

19. எண்ணெய் கூடினால் வைட்டமின் நீர்த்துப்போகும்

கிராஸ்நோதாரின் வசீலி புஸ்தவோய்த் தன் வாழ்நாள் முழுதும் சூரியகாந்தியில் எண்ணெயைக் கூட்டப் பாடுபட்டவர். அவர் பணி தொடங்கியபோது விதையில் 30 சதவீத அளவில் இருந்த எண்ணெய், அவர் உருவாக்கிய ரகங்களில் 50 சதவீதத்தைத் தாண்டியது. உலகமே அந்த ரகங்களைக் கேட்டு வாங்கியது.

ஆனால், இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அர்ஜென்டினாவில் நொலாஸ்கோ, அகிர்ரெசபால் குழுவினர் வயலில் சோதித்து 2004-ல் சொன்னது இது: விதைக்குள் எண்ணெயின் எடை கூடும்போது, ஒரு கிராம் எண்ணெய்க்கு உரிய டோகோபெரால் குறைகிறது. ஒரே அளவு டிக்காஷனில் பாலைக் கூட்டிக்கொண்டே போனால் காபி வெளுப்பதுபோலத்தான். எண்ணெய் விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வைட்டமின் தானாகவே கூடிவிடாது. அதையும் சேர்த்து அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

20. விதைக்கே அது எதற்கு?

செடி நமக்காக வைட்டமின் ஈ செய்வதில்லை. 2004-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைட்டமின் ஈ அறவே இல்லாத அரபிடாப்சிஸ் விதைகளைச் சோதித்தார்கள். அவை சேமிப்பில் வெகு சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்தன. முளைத்த நாற்றுகளிலும் கொழுப்பு கெட்டுப்போன அடையாளங்கள் தென்பட்டன. அடுத்த பருவம்வரை விதை உயிரோடு இருக்க இந்தப் பொருள் வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது செடி தன் பிள்ளைக்காகச் சேர்த்த சொத்தில் ஒரு பங்கு.

21. காமாவை ஆல்பாவாக்கிய சோதனை

சூரியகாந்தியில் நடந்ததற்கு நேர் எதிரான வேலையை 1998-ல் ஷின்டானியும் டெல்லாபென்னாவும் செய்தார்கள். அரபிடாப்சிஸ் விதையில் இயல்பாகவே காமாதான் அதிகம். இரண்டாம் நொதியின் மரபணுவை அதில் தீவிரமாக இயங்கச் செய்ததும் காமா ஆல்பாவாக மாறியது. மொத்த அளவு மாறவில்லை. வைட்டமின் திறன் மட்டும் சுமார் ஒன்பது மடங்கு கூடியது. அளவைக் கூட்டாமலே தரத்தைக் கூட்டலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

22. கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்து

உலக உணவு, வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், ஒவ்வொரு எண்ணெய்க்கும் டோகோபெரால் அளவுகளை வரையறுத்திருக்கிறது. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் கிலோவுக்கு ஆல்பா 403 முதல் 935 மில்லிகிராம். காமா 34-க்கு மேல் இருக்காது. டெல்டா 7-க்கு மேல் இருக்காது. சோயா எண்ணெயில் டெல்டாவே 154-இல் தொடங்குகிறது. ஆக, சூரியகாந்தி என்று சொல்லி விற்கும் எண்ணெயில் காமாவும் டெல்டாவும் எகிறினால் ஆய்வகத்தில் கேள்வி எழும்.

403-க்கும் 935-க்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தீர்களா? இரண்டு மடங்குக்கும் மேல். ரகம், மண், பருவம், எண்ணெய் எடுக்கும் விதம் எல்லாம் சேர்ந்து விளைவிப்பது அந்த வேறுபாடு.

23. ரீஃபைண்ட் செய்யும்போது எங்கே போகிறது?

எண்ணெயின் வாடையை நீக்க, வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்துவார்கள். வாடையோடு டோகோபெராலிலும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். ஆனால், அது வீணாவதில்லை. அந்த ஆவியைக் குளிரவைத்தால் கிடைக்கும் கசடிலிருந்துதான் 'இயற்கை வைட்டமின் ஈ' மாத்திரைகளுக்கான மூலப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். சோயாவும் சூரியகாந்தியும் இதற்கு முக்கிய மூலங்கள். சூரியகாந்தியிலிருந்து நேராக ஆல்பாவே கிடைக்கும். சோயாவிலிருந்து வரும் காமாவை ஆலையில் மெத்தில் சேர்த்து ஆல்பாவாக்க வேண்டும். செடியின் இரண்டாம் நொதி செய்யும் வேலையை அங்கே ரசாயனம் செய்கிறது.

24. இயற்கையும் செயற்கையும்

செடி செய்யும் ஆல்பா டோகோபெரால் ஒரே ஒரு வடிவத்தில்தான் இருக்கும். ஆலையில் முழுக்கச் செயற்கையாகச் செய்வது எட்டு வடிவங்களின் கலவை. அணுக்கள் அதே, அவை திரும்பி நிற்கும் திசைகள் வேறு. அதில் பாதியைத்தான் உடல் முறையாகப் பயன்படுத்துகிறது. மாத்திரை அட்டையில் 'டி-ஆல்பா' என்றிருந்தால் இயற்கையானது, 'டி.எல்.-ஆல்பா' என்றிருந்தால் செயற்கையானது.

25. எல்லாம் தொடங்கிய இடம்

சூரியகாந்தி ரஷ்யப் பயிர் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே பூர்வகுடி மக்கள் அதைக் காட்டுச் செடியிலிருந்து பயிராக்கினார்கள். அதற்கான பழைய விதைகள் டென்னசி மாநிலத்தில் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் பூச்செடியாகப் போனது. ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராகி, மறுபடி அமெரிக்காவுக்கே திரும்பியது. இவ்வளவு தூரம் அலைந்ததில் அதன் பன்மையில் ஒரு பகுதியே பயிரில் எஞ்சியது. காட்டுச் சூரியகாந்தி இனங்கள் சிலவற்றின் விதைகளில் பீட்டாவும் காமாவும் பயிரைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அந்த விதைகள் அமெரிக்காவின் ஏம்ஸ், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், செர்பியாவின் நோவி சாத் போன்ற இடங்களில் சேகரித்து வைக்கப்பட்டுள்ளன.

26. வாசகர்களுக்கு

காமா சூரியகாந்தி இன்னும் நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பதில்லை. அதற்கு லேபிளும் ஒரு காரணம். ஆல்பாவை மட்டுமே வைட்டமின் ஈ என்று கணக்கிடும்போது, காமா நிறைந்த எண்ணெய் காகிதத்தில் ஏழையாகத் தெரிகிறது. காமா எண்ணெய் பரவலாகும்வரை கையிலிருப்பதைச் சரியாகப் பயன்படுத்துவோம். எண்ணெயை அடுப்பின் அருகிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்காதீர்கள்; இறுக மூடி இருட்டில் வையுங்கள். ஒருமுறை பொரித்ததை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். வைட்டமின் ஈ-க்காக எண்ணெயைக் கூட்ட வேண்டியதில்லை; வறுத்த சூரியகாந்திப் பருப்பு ஒரு கைப்பிடி போதும்.

பெரிய வேண்டுகோள் ஒன்றும் உண்டு. காமா வரிசை யாரும் தேடாமல் ஏதோ ஒரு விதைச் சேகரிப்பில் இருந்தது. ஒருவர் பொறுமையாகச் சோதித்ததால் வெளிப்பட்டது. நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் கிடங்குகளிலும் உழவர்களின் குதிர்களிலும் இருக்கும் எள், நிலக்கடலை விதைகளிலும் இப்படி எத்தனையோ இருக்கலாம். பழைய ரகம்தானே என்று ஒரு விதையையும் கைவிட்டுவிடக் கூடாது. விதை வங்கிகளுக்கு அரசு தரும் பணம் செலவு இல்லை. வருங்கால உணவுக்கான முதலீடு.